மூடிக்காரரின் ஆய்வுக்கு மதிப்பெண் இட்ட கதை

இதனை எழுதியே தீரவேண்டும் என்னும் நிலை சென்ற மாதம் உண்டாயிற்று. என் தங்கையின் பேத்தி அண்ணாமலை நகரில் ஆய்வு மாணவி. ஓர் அறிவியலாளரின் ஆய்வு எவ்வளவு பயன்பட்டது என்பதை அவர் பெயரைக் கணிப்பொறியில் தட்டினால் நொடியில் அறியலாம் என்றாள். "யார் பேராச்சும் சொல்லுங்க தாத்தா, பாத்துடலாம்" என்றாள். அறுபதுகளில் கடலூரில் என்னோடு பணியாற்றிய நிலத்தடி நீர் ஆய்வாளர் ஒருவரின் பெயரைச் சொன்னேன். ஒரே ஒரு கட்டுரை வந்தது. அதனைத் தம் கட்டுரையில் ஒரே ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். "ரொம்பக் கம்மி தாத்தா. இவரு பெரிய ஆளு இல்ல போல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்தக் கட்டுரை எதுவென்று நான் அறிவேன். தம் வாழ்நாளில் எதை எழுதியதற்காக அவர் மிகவும் நொந்தாரோ, அது ஒன்றே இன்று உலகின் கண்ணுக்கு எஞ்சியிருக்கிறது. அவரை நேரில் அறிந்தவர் சிலரே இப்போது உளர். நானும் போய்விட்டால் அந்தக் கணிப்பொறி சொன்னதே முடிந்த தீர்ப்பாகிவிடும். ஆகவே எழுதுகிறேன்.

அவரை மூடிக்காரர் என்றால்தான் எவருக்கும் தெரியும். இயற்பெயரைச் சொன்னால் அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரே "யாரு அது?" என்பார். மஞ்சக்குப்பத்திலிருந்து கொள்ளிடக் கரைவரை அவரைத் திட்டாத வாய் ஒன்று இருந்திருக்குமானால், அது பேசப் பழகாத குழந்தையின் வாயாகத்தான் இருந்திருக்கும்.

திட்டுக்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆழத் துளையிட்டுக் குழாய் இறக்கினால் போதும். நீர் தானே பொங்கி மேலே வந்து கொட்டும். இறைக்க வேண்டியதில்லை. நாற்று நடும்போதும் கொட்டும். அறுவடை முடிந்து எவருக்கும் வேண்டாதபோதும் இரவு பகலாகக் கொட்டி, வாய்க்கால் வழியே கடலுக்குப் போகும். மக்கள் அக்குழாய்க்கு மஞ்சள் பூசினர், பொட்டு வைத்தனர். அதன் வாயை அடைப்பது எரியும் விளக்கை ஊதி அணைப்பதற்கு ஒப்பான அமங்கலம் என்று கருதினர். இப்படிப்பட்ட நாட்டில், ஊர் ஊராகச் சென்று அக்குழாய்களை மூடுவதையே பிறவிப்பயனாகக் கொண்டவர் நம்மவர்.

அவர் தோளில் ஒரு காக்கிப் பை எப்போதும் தொங்கும். அதனுள் பல அளவில் இரும்பு மூடிகள். அவர் தெருவில் நடந்தால் எழும் ஓசையைக் கேட்டு, ஈயம் பூசுபவர் வந்துவிட்டார் என்று பெண்கள் பித்தளைப் பாத்திரங்களோடு வெளியே வருவர். வந்தவர்களிடம், "ஒங்க வூட்டுக் கொல்லையில தண்ணி சும்மா ஓடுதா?" என்று கேட்பார். அதன்பின் தொடங்கும் திட்டு தெருமுனைவரை அவரை வழியனுப்பும்.

திறந்த குழாயைக் கண்டால் அவர் கை சும்மா இராது. சிதம்பரத்தில் ஒரு திருமணம். பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் காவலாளி போல் நின்றுகொண்டு, ஒவ்வொருவர் கையிலும் நீர் பட்டதும் குழாயைத் திருகி மூடினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் இரு கையிலும் சோப்பு நுரையோடு நின்று சீறினார்.

"யாருய்யா நீ? பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"நான் தண்ணி வூட்டுக்காரன்."

"அப்ப தண்ணிய வுடுய்யா!"

"நீங்க மொதல்ல நல்லாத் தேய்ங்க. அப்பறம் வுடறேன்."

மற்றொருமுறை, வழியில் ஒரு சிறு புகைவண்டி நிலையத்தில் எஞ்சினுக்கு நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பாதி நீர் கீழே வழிந்தது. மூடிக்காரர் பெட்டியிலிருந்து இறங்கினார், மூடினார், திரும்பி வந்து அமர்ந்தார். சிறிது தொலைவு சென்று, சுற்றிலும் வயலன்றி வேறெதுவும் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் பெட்டி பெட்டியாகத் தேடி அவரைப் பிடித்தார். "யோவ், நீ வுட்டாப் போவறதுக்கும் வுடாட்டி நிக்கறதுக்கும் அது என்ன ஒங்க வூட்டு மாடா?" என்று கத்தினார். "கீழ வழியுதுன்னு பாத்தேன்" என்றார் நம்மவர், சிறிதும் வருந்தாமல்.

நான் அவர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். அறிக்கைகளைத் தமிழாக்குவதற்காக அமர்த்தப்பட்டவன். என்னைப் 'புலவரே' என்று அழைப்பார். எனினும் தமிழாக்கத்தைவிட ஏணி பிடிக்கும் பணிக்கே என்னை மிகுதியும் பயன்படுத்தினார். அந்த ஏணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நிலத்தடியில் நீருக்கு எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை அவர் அளந்த முறை மிக எளியது. பொங்கும் குழாயின் வாயில் நீண்ட ரப்பர் குழாய் ஒன்றை இறுகப் பொருத்துவார். அதன் மறுநுனியில் ஒரு கண்ணாடிக் குழல். அந்நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியில் ஏறுவார். எந்த உயரத்தில் கண்ணாடிக்குள் நீர் வழியாமல் நிற்கிறதோ, அந்த உயரமே அழுத்தத்தின் அளவு. கீழே நின்று நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே மூக்குக் கண்ணாடியும் கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையுமாக ஓர் அரசு ஆய்வாளர் தென்னையில் தொற்றிக்கொண்டிருக்கும் காட்சியைக் காண ஊரே திரளும்.

புவனகிரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் சுல்தான் பாய் என்பவரின் தோப்பு இருந்தது. மலேயாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பி, அந்தப் பொருளைக்கொண்டு குழாய் இறக்கியவர். முதல் ஆண்டு அங்கே அளந்தபோது, இளந்தென்னையின் குலைவரை ஏறிய பிறகே நீர் நின்றது. கூடியிருந்தோர் கைதட்டினர். பாய் அண்ணாந்து பார்த்து, "மேல போனது போயிட்டீங்க சார், அப்படியே ரெண்டு எளநீ பறிச்சுப் போடுங்க" என்றார். இறங்கி வந்த மூடிக்காரர் இளநீரைக் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து மூடியை எடுத்தார். பாயின் முகம் மாறிற்று.

"என்னா சார் இது? அல்லா குடுக்கறத நான் கையால அடைக்கறதா?"

"வேணுங்கறப்ப தொறந்துக்கங்க பாய். வேணாங்கறப்ப மூடுங்க. இப்பிடியே எல்லாரும் வுட்டுட்டா உள்ள அழுத்தம் கொறஞ்சு போயிடும். அப்பறம் கடல் தண்ணி அடி வழியா உள்ள வரும்."

"நான் மூடுனா என் தண்ணி நடேசன் கொழாயில போவும். அவன் ஜாஸ்தி நட்டுக்குவான்."

பக்கத்துக் கொல்லைக்காரர் நடேசன் வேலிக்கு அப்பாலிருந்து, "மச்சான், நீ மொதல்ல மூடு, பின்னாடியே நான் மூடறேன்" என்றார்.

"மூடுவே மூடுவே! நீ மொதல்ல மூடிக் காட்டுடா பாப்போம்."

இதில் துயரம் என்னவெனில், பாய் சொன்னதில் பாதி உண்மை. ஒருவர் மட்டும் மூடினால் அவருடைய நீர் அடுத்தவர் குழாயில்தான் போகும். எல்லாரும் ஒரே காலத்தில் மூடவேண்டும். அதற்கு அரசு ஆணை வேண்டும். அந்த ஆணையைப் பெறுவதற்காகவே மூடிக்காரர் ஆண்டுதோறும் ஏணி ஏறினார்.

ஆண்டுதோறும் ஏறும் உயரம் குறைந்தது. குலைவரை ஏறியவர் மறு ஆண்டு மரத்தின் பாதியோடு நின்றார். அதற்கடுத்து எஞ்சின் கொட்டகைக் கூரைக்கு வந்தார். பின்னர் ஏணியின் அடிப்படிகளே போதுமாயின. ஊரார் தமக்குள் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். "பாவம், சாருக்கு வயசாயிடுச்சு. முன்ன மாதிரி ஏற முடியல." பாய் ஒருபடி மேலே போய், முழங்காலுக்குத் தடவும்படி ஒரு புட்டித் தைலத்தை வாங்கி வைத்திருந்து கொடுத்தார். மூடிக்காரர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்நிலையில்தான் சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. ஆராய்ச்சிப் பிரிவுகள் ஒவ்வொன்றும் என்ன பயன் விளைத்தன என்று அளந்து மதிப்பெண் இடுவது அக்குழுவின் வேலை. மதிப்பெண் நன்றாக இருந்தால் எங்கள் பிரிவு தொடரும். மூடி கட்டாயம் என்னும் ஆணையும் குழுவின் பரிந்துரையோடு மேலே போகும். இல்லையேல் பிரிவு கலைக்கப்படும். ஏணியும் ரப்பர் குழாயும் கிடங்குக்குப் போகும். எங்கள் நிர்வாகப் பொறியாளர் மூடிக்காரரை அழைத்துக் கேட்டார்.

"ஒங்க ஆய்வ எத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்காங்க?"

"எடுத்துக்காட்டினவங்கள நான் பாக்கல சார். திட்டறவங்க நெறய இருக்காங்க. அதைச் சேத்துக்க முடியாதா?"

"வெளையாடாதீங்க."

"நான் வெளையாடி நீங்க எப்ப சார் பாத்தீங்க?"

எடுத்துக்காட்டியவர் எவரேனும் உளரா என்று தேட, நாங்கள் இருவரும் அண்ணாமலை நகர் நூலகத்துக்குச் சென்றோம். தூசு படிந்த வெளிநாட்டு ஆய்விதழ்களைப் புரட்டிப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஓர் அயல்நாட்டார் இவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார். நான் மகிழ்ச்சியோடு காட்டினேன். மூடிக்காரர் படித்தார், மீண்டும் படித்தார், பிறகு இதழை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த அயல்நாட்டார் எடுத்தாண்டிருந்தது இவருடைய முதல் ஆண்டுக் கட்டுரையை. தென்னங்குலை உயரத்துக்கு நீர் நின்ற ஆண்டு. இங்கே நீர்வளம் ஏராளம், இன்னும் பல குழாய்களைத் தாங்கும் என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தார். உயரம் குறைந்ததைச் சொல்லும் பின்னாளைய கட்டுரைகளோ எந்த இதழிலும் ஏற்கப்படாமல் திரும்பி வந்தவை.

"இப்பத்தான் புரியுது புலவரே" என்றார். "தொளை போடற கான்ட்ராக்டருங்க ஊருக்குள்ள, 'சர்க்காரே எழுதியிருக்கு, தென்னமர ஒசரத்துக்குத் தண்ணி நிக்குது'ன்னு சொல்லிச் சொல்லித்தான் புதுக் கொழா எறக்கறானுங்க. என் பேப்பர யாருமே படிக்கலன்னு நெனச்சேன். படிச்சிருக்கானுங்க."

அவருடைய ஆய்வுக்கு விளைவு இல்லாமற் போகவில்லை. எந்த நீரைக் காக்க எண்ணினாரோ அதை விரைந்து வடியச் செய்ததே அவ்விளைவு.

நிர்வாகப் பொறியாளருக்கோ இதுவே போதுமானதாக இருந்தது. முதல் கட்டுரைக்குப் பின் மாவட்டத்தில் புதிய குழாய்கள் பெருகியிருந்தன. "இதையே ஒங்க சாதனையாக் காட்டிடலாம்" என்றார். மூடிக்காரர் எண்ணியது வேறு. குழுவை நேரே சுல்தான் பாயின் தோப்புக்கு அழைத்துச் சென்று, நீரின் இன்றைய உயரத்தைக் கண்ணால் காணச் செய்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினார். பாயிடமும் சொல்லிவைத்தார். "அவுங்க வந்து பாத்துட்டுப் போறதுலதான் என் பொழப்பே இருக்குது பாய்."

குறித்த நாளில் குழுவினரின் வண்டி தோப்பருகே நின்றது. உடனே நாகசுரமும் தவிலும் முழங்கின. நடேசனின் ஏற்பாடு என்றார்கள். எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் இருந்தன. இவை எவையும் எனக்கு வியப்பளிக்கவில்லை. வியப்பளித்தது குழாய். முந்திய வாரம் நூல்போல் ஒழுகிய அது, அன்று பழைய நாளைப்போலப் பேரொலியோடு கொட்டிக்கொண்டிருந்தது.

மூடிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. தம் கணக்கெல்லாம் பொய்த்துப்போனதற்காகக் களித்த ஓர் ஆய்வாளரை நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

"புலவரே, ஏணிய எடுங்க!" என்று கூவினார்.

ரப்பர் குழாயைப் பொருத்தினார், ஏறினார், ஏறிக்கொண்டே இருந்தார். பாதி மரத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டார். கண்ணாடிக் குழலையே உற்றுப் பார்த்தார். அதனுள் நீர் சீராக நிற்கவில்லை. நாடி துடிப்பதுபோல் விட்டுவிட்டுத் துள்ளியது. பூமிக்கடியிலிருந்து வரும் ஊற்று அப்படித் துள்ளாது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி வைக்கோற்போரின் பின்புறம் நோக்கினார். அங்கே புகை எழுந்துகொண்டிருந்தது.

கீழே குழுத்தலைவர் காதைப் பொத்திக்கொண்டு, "போதும், நிறுத்தச் சொல்லுங்க" என்றார். பாயோ தவில்காரரைப் பார்த்து, "வாசிங்கப்பா, வாசிங்க, நிறுத்தாதீங்க!" என்று கையாட்டினார். தவில்காரர் குழம்பி நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் ஆயில் எஞ்சின் ஓசை தெளிவாகக் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"நெல்லு மிஷின் சார்" என்றார் பாய்.

குழுத்தலைவர் அதை ஏற்றுக்கொண்டார். அண்ணாந்து பார்த்து, "ரொம்ப சந்தோஷம். தண்ணியும் கொறயல, கொழாயும் பெருகியிருக்கு. ஒங்க ஆய்வுக்கு இதவிட என்ன பயன் வேணும்? எறங்கி வந்து இந்த அறிக்கையில கையெழுத்துப் போடுங்க. நீங்க கேட்ட ஆணைக்கும் நான் எழுதிடறேன்" என்றார்.

ஏணியின் மேல் அவர் நின்ற அந்தச் சிறு பொழுது எனக்கு மிக நீண்டதாகத் தோன்றியது. வாய் திறவாமல் இறங்கினால் பிரிவு பிழைக்கும், ஆணையும் வரக்கூடும். ஆனால் நீர் குறையவில்லை என்று தாமே ஒப்பமிட்டதாகிவிடும். நீர் குறையாத இடத்தில் மூடி எதற்கு என்று எவனும் கேட்பான்.

இறங்கினார். நீட்டிய பேனாவை வாங்கவில்லை. நேரே வைக்கோற்போருக்குப் பின்னே சென்றார். எஞ்சின் நின்றது. குழாய் இருமுறை விக்கியது; பிறகு பழையபடி நூலாக ஒழுகியது. அவர் திரும்பி வந்து, குந்தி உட்கார்ந்து, கண்ணாடிக் குழலைத் தம் முழங்கால் அருகே பிடித்தார். நீர் அங்கே நின்றது.

"இதான் சார் என் ஆய்வு. இதுக்கு மதிப்பெண் போடுங்க" என்றார்.

குழுத்தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "யார் பண்ண வேல இது? சர்க்கார் குழுவ ஏமாத்தறதா? போலீசுக்குச் சொல்லட்டுமா?"

பாய் நடேசனைப் பார்த்தார். நடேசன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார் வெக்கச் சொன்னேன்" என்றார் மூடிக்காரர். "வித்தியாசத்தக் காட்டலாம்னு."

அன்று மாலை பாய் அழாக்குறையாக எங்களிடம் உண்மையைச் சொன்னார். "தண்ணி இப்பிடி ஒழுவறதப் பாத்தா, 'இந்த ஆளு வந்து வந்து கொழாய நோண்டினதாலதான் கொறஞ்சுது'ன்னு சொல்லி ஒங்க வேலயத் தூக்கிடுவாங்களேன்னு நெனச்சோம் சார். நடேசன் வாய்க்கால்லேர்ந்து நாந்தான் எஞ்சின் வெச்சு மண்ணுக்கடியில கொழா போட்டேன். சத்தம் கேக்கக் கூடாதுன்னு அவன் மேளத்தக் கூட்டியாந்தான்."

வேலிக்கு இருபுறமும் நின்று ஆண்டுக்கணக்காக நீரைத் துளியும் விட்டுக்கொடுக்காத இருவர், அவருக்காக ஒன்றுபட்டு ஒரு காரியம் செய்திருந்தனர். அந்த ஒரு காரியமே அவரை அழித்தது.

திரும்பும் பேருந்தில், "ஏன் ஐயா பழியை நீங்கள் ஏற்றீர்கள்?" என்று கேட்டேன்.

"இந்த ஊருல இத்தினி வருசமா நான் வாங்கினது வெறும் திட்டுதான்னு நெனச்சிருந்தேன் புலவரே" என்றார்.

குழுவின் அறிக்கை வந்தது. ஒருநாள் நீரைப் பொய்யாகக் காட்டியவர் ஆண்டுதோறும் எழுதிய அளவுகளை எவ்வாறு நம்புவது என்று கேட்டிருந்தார்கள். பிரிவு கலைக்கப்பட்டது. ஆணை பிறக்கவில்லை. மூடிக்காரரைக் கடலூர்த் துறைமுகத்தருகே ஒரு பண்டகசாலையில் இரும்புச் சாமான்களுக்குக் காவலாகப் போட்டார்கள். ஞாயிறுதோறும் தம் செலவில் பேருந்து ஏறி, பாயின் தோப்புக்குப் போய் அளந்துவந்தார். சில காலத்துக்குப் பின் அளப்பதற்கு ஒன்றுமில்லை. நீர் குழாயின் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. அதன்பின் ஆயில் எஞ்சின் வைத்து உறிஞ்சினார்கள். அவர் சொன்னது போலவே உப்பு வந்தது. இளநீர்கூடக் கரித்ததாகச் சொன்னார்கள். குலை தள்ளிய தென்னைகள் தலை கருகின.

உப்பு வந்த சில ஆண்டுகளில் அவர் காமாலை கண்டு இறந்தார். மனைவி முன்பே போய்விட்டார், மக்கள் இல்லை. கெடிலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குச் சிலரே சென்றோம். எரியூட்டும் வேளையில் புவனகிரிப் பேருந்திலிருந்து இறங்கி ஒரு கூட்டம் வந்தது. சுல்தான் பாய், நடேசன், அவ்வூரார் பலர். அவரை வாய் ஓயாமல் திட்டியவர்கள். ஓரமாக நின்றார்கள். பாய் என்னருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நாங்க எல்லாருமா ஒரே நாள்ல மூடிட்டோம் சார். நானு, நடேசன், கெழக்குத் தெரு பூரா. எஞ்சினும் போடறதில்ல."

"உப்புத் தண்ணியை இனி மூடி என்ன ஆகப்போகிறது பாய்?" என்றேன்.

அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சார். ஒண்ணும் ஆவாது. ஆனா தொறந்து கெடந்தா அவரு மனசு கேக்காதே."

இது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. பேத்தியின் கணிப்பொறிக்கும் தெரிந்திராது.

இங்கே எழுதியவை நினைவிலிருந்து எழுதியவை. நிகழ்ச்சிகள் முன்பின்னாக மாறியிருக்கலாம். பேச்சில் சொற்கள் பிறழ்ந்திருக்கலாம். குழு வந்த ஆண்டு எனக்கு உறுதியாக நினைவில்லை. அப்பகுதிப் பெரியோர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், பிழை கண்ட இடத்தைத் தயங்காது எழுதித் திருத்தியுதவ வேண்டுகிறேன், நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அவர் நீர் வீணே ஓடும் குழாய் ஒன்றைக் கண்டும் காணாமல் கடந்து சென்றதைத் தாம் பார்த்ததாக எவரேனும் எழுதினால், அந்தத் திருத்தத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.